எண்ணெய்க் கிணறு பர்மிட்: கேளுங்க, சொல்லுதேன்

பாளையங்கோட்டைக்காரன், எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக்ல இருவது வருசம் சிமெண்டிங் (கிணத்துக் குழாயச் சுத்தி சிமெண்ட் ஏத்துற) வேலை. பர்மிட், இன்ஸ்பெக்‌ஷன் பத்தி கேளுங்க.

மானூர் தம்பி: அண்ணாச்சி, பர்மிட்டுக்கு ஏன் இவ்வளவு நாளு? ஒரு கையெழுத்து தான?

கையெழுத்து இல்ல தம்பி. நல்லதண்ணி ஊத்து எந்த ஆழத்துல கெடக்கு, அதத் தாண்டி கேசிங்ங்கிற இரும்புக் குழாய் இறங்குதா, சுத்தி சிமெண்ட் ஏறுமா, கிணறு பீறிட்டா வாயை அடைக்கிற பிளோஅவுட் பிரிவென்டர் எவ்வளவு பிரஷர் தாங்கும், இம்புட்டையும் ஒருத்தர் உக்காந்து பாக்கணும், பெறவு கிணத்தையும் நேர்ல போய்ப் பாக்கணும். பூம் வந்து பர்மிட் கேட்டு குவிஞ்சா, நேர்ல போய்ப் பாக்குற இந்த ரெண்டாவது வேலை தான் விட்டுப்போகும். அமெரிக்கால அரசு நிலத்துக்கு பர்மிட் குடுக்குற துறை 1999ல 1,803 பர்மிட் குடுத்துச்சு, 2004ல 6,399. மீத்தேன் கிணறா குவிஞ்ச வயோமிங் பஃபலோ ஆபீஸ் அந்த வருசம் பாக்க வேண்டிய சுற்றுச்சூழல் ஆய்வுல 27 சதவீதந்தான் முடிச்சுது. அமெரிக்க அரசு தணிக்கை ஆபீஸே 2005ல எழுதி வச்சிருக்கு. ஆளுங்க சோம்பேறி இல்ல, கிணத்தப் பாக்க வேண்டியவங்கள பர்மிட் மேசைல உக்கார வச்சுட்டாங்க.

நாங்குநேரி: வயல்ல போர் போடணும், பர்மிட் வேணுமா?

ஊராட்சி ஆபீஸ்ல கேளுங்க. தண்ணி வரலன்னா குழிய அன்னைக்கே மூடிருங்க. 2019ல நடுக்காட்டுப்பட்டில ஒரு பச்சப்புள்ளைய பறிகொடுத்தோம்.

அம்பை: டெல்டா சட்டம் நமக்கு உண்டா?

இல்ல. புதுசா எண்ணெய், வாயுக் கிணறு போடுறதத் தடுக்குற அந்த 2020 சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், அதுலேருந்து பிரிஞ்ச மயிலாடுதுறை, அப்புறம் கடலூர், புதுக்கோட்டைல சில வட்டாரம்.

களக்காடு: பர்மிட் ஏன் லேட் ஆகுது?

மானூர் தம்பிக்குச் சொல்லியாச்சு, மேல படிங்க.

திசையன்விளை: வேலை வாற நேரத்துல கருத்துக்கேட்பு கூட்டம் எதுக்கு அண்ணாச்சி? வெட்டித் தாமதம்.

எண்ணெய் இருக்கான்னு தேடிப்பாக்குற கிணத்துக்கு அது இப்ப கிடையாது. 2020 ஜனவரில அத கூட்டம் தேவையில்லாத பி2 பிரிவுக்கு மத்திய அரசு மாத்திட்டாங்க. உற்பத்தின்னா தான் கூட்டம். எனக்கு இதுல சம்மதம் இல்ல.

திசையன்விளை: தேடத்தான செய்யுதாங்க, எடுக்கலையே?

தேடுற கிணறும் உங்க ஊத்தத் துளைச்சு தான் போகும். அந்த எடத்துல மொத மொதல்ல இறங்குறதால கீழ என்ன பிரஷர்னு சரியாத் தெரியாமப் போற கிணறும் அதான். 2010ல மெக்சிகோ வளைகுடால வெடிச்ச மக்கோண்டோவும் தேடுற கிணறு தான், 11 பேரு செத்தாவ, அடில சிமெண்ட் பிடிக்கல.

திசையன்விளை: அது கடல்ல, இது கரைல.

சிமெண்டுக்கு கடலும் கரையும் ஒண்ணுதான் மாப்ள. மேல்கேசிங் போடும்போது கிணத்து வாய்ல குனிஞ்சு பாத்துக்கிட்டே நிப்போம், மொதல்ல மட் (துளைக்கையில ஊத்துற சேத்துக் கரைசல்) வரும், பின்னாலயே சாம்பக்கலர்ல சாந்து ஏறி வரணும். வரலன்னா உள்ள எங்கயோ இடைவெளி. பேப்பர் கப்ல புடிச்சு வச்ச சாந்தையும் கட்டை விரலால அமுக்கி அமுக்கிப் பாப்போம், இறுகுதா இல்லையான்னு. ரிக் வாடகை நிமிசத்துக்கு நிமிசம் ஏறும், கம்பெனிக்காரன் கெடிகாரத்தப் பாப்பான். அந்த நேரத்துல இன்னும் இறுகல, பொறுங்கன்னு சொல்ல பக்கத்துல அரசாங்க ஆளு ஒருத்தர் நிக்கணும். பர்மிட்ட சீக்கிரம் குடுக்கட்டும், நானும் வேண்டாங்கல. நூறு பர்மிட் கூடுதுன்னா கிணத்தப் பாக்கப் போற ஆளும் கூடணும்.