தமனி உருவாகும் விதத்தை ஆராய விரும்பும் மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்பிற்குரிய ஐயா,

முதல் குரூப்பில் +2 படிக்கும் தங்கள் மகள், எம்.பி.பி.எஸ். வேண்டாம், கருவில் தமனிகள் உருவாவதை ஆராயப் போகிறேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், அதற்கு எதிர்காலம் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள்.

இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுசெல்லும் தமனிக்கும், இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைக்கும் உள்ள வேறுபாடு இரத்த அழுத்தத்தாலும் ஆக்சிஜன் அளவாலும் வருவது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இரத்தக் குழாய்கள் கிளைக்கத் தொடங்கும்போதே தமனிச் செல்களில் எஃப்ரின்-பி2 மரபணுவும் சிரைச் செல்களில் எஃப்-பி4 மரபணுவும் தனித்தனியே இயங்குவது 1998இல் எலிக் கருவில் தெரியவந்தது. வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் புரதம், அண்டைச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் வழியான நாட்ச் சமிக்ஞையைத் தூண்ட, அதன் வழியே ஒரு செல் தமனிச் செல்லாகிறது. ஆனால் மரபணுவோடு கதை முடியவில்லை. 2004இல் கோழிக் கருவின் மஞ்சள்கருப் பையில் ஒரு தமனியின் ஓட்டத்தைத் தடுத்தபோது, மறுபக்கத்திலிருந்து எதிர்த்திசையில் இரத்தம் வந்த பகுதி சிரையாகவே மாறிவிட்டது. ஆகவே இரத்த ஓட்டத்தின் விசையையும் கணக்கிட வேண்டிய இத்துறைக்கு உயிரியலோடு கணிதமும் இயற்பியலும் வேண்டும். முதல் குரூப் மாணவி என்பது அவருக்குப் பெரும் பலம்.

அன்றாட வேலை எப்படியிருக்கும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். ஆய்வகங்களில் வளர்க்கும் ஜீப்ரா மீன் என்ற சிறு மீனின் முட்டை கண்ணாடி போன்றது. கருவுற்ற மறுநாளே அதில் இரத்தம் ஓடுவதை நுண்ணோக்கியில் நேரில் பார்க்கலாம். 'கிரிட்லாக்' என்ற மரபணுப் பிறழ்வுள்ள குஞ்சில், உடலின் முதன்மைத் தமனியான மகாதமனி சரியாக இணையாததால், இதயம் துடித்தும் வால் பக்கம் இரத்தம் போகாது. மனிதக் குழந்தைகளின் மகாதமனிக் குறுக்க நோயை ஒத்த இந்தக் குறையைப் புரிந்துகொள்ள நூற்றுக்கணக்கான கருக்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுமை அவருக்கு உண்டா என்பதே, மதிப்பெண்ணைவிட நான் முதலில் கேட்கும் கேள்வி.

பாதை நீளமானது என்பதைத் தங்களிடம் மறைக்க மாட்டேன். ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) நிறுவனங்களில் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ்., அல்லது பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் (இந்திய அறிவியல் கழகம்) நான்காண்டு பி.எஸ்., பிறகு முனைவர் பட்டத்துக்கு மேலும் ஐந்தாண்டுகளோ கூடுதலோ ஆகும். எனினும் அந்தக் காலம் முழுவதும் பெற்றோரே செலவைச் சுமக்க வேண்டியதில்லை. முனைவர் பட்டத்துக்கு, அறிவியல் ஆய்வாளர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெற்றால், மாதந்தோறும் 37,000 ரூபாய் (2023ஆம் ஆண்டு நிர்ணயித்த தொகை). ஆய்வகத்தில் நிலைக்காதவர்களுக்கும் மரபணுப் பரிசோதனைக் கூடங்கள், மருந்து நிறுவனங்கள், மரபியல் ஆலோசனை எனக் கதவுகள் உண்டு. நாட்ச் சமிக்ஞையில் பிழை நேர்ந்தால் வரும், கல்லீரலையும் இதயத்தையும் பாதிக்கும் அலஜில் நோய்க்குறி, நடுவயதுப் பக்கவாதத்துக்குக் காரணமாகும் கடாசில் ஆகியவற்றை இன்று மரபணுப் பரிசோதனையிலேயே உறுதிசெய்கிறார்கள்.

மருத்துவம் படித்துவிட்டு ஆய்வுக்கு வருவதும் நல்ல வழிதான். ஆனால் நோயாளிகளைப் பார்ப்பதில் விருப்பமில்லாதவரை அதில் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. இந்த ஆண்டு நீட், ஐசர் நுழைவுத் தேர்வு இரண்டையும் எழுதட்டும். பாடங்கள் பெரும்பாலும் ஒன்றே. ஐசர் தேர்வில் கணிதமும் உண்டு என்பதால், நீட் பயிற்சியின் மும்முரத்தில் அதைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.