பழைய வண்டிக்கு பவர் பிரேக் போடலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிரேக் பற்றியவைதான். ஏற்காடு சீசன் நெருங்குகிறது என்று அர்த்தம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். பூஸ்டர் என்பது எஞ்சின் உண்டாக்கும் வாக்குவத்தை, அதாவது காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடத்தை, வைத்து நம் மிதியோடு சேர்ந்து அழுத்தும் டப்பா. அது உள்ள பிரேக்தான் பவர் பிரேக்.

அப்பா ஓட்டிய பெட்ரோல் அம்பாசிடர் இன்னும் ஓடுகிறது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது மிதித்து மிதித்துக் கால் மரத்துப்போகிறது. பாதி வழிக்குமேல் பிரேக்கும் சரியாகப் பிடிப்பதில்லை. பூஸ்டர் போட்டால் சரியாகுமா? (அஸ்தம்பட்டி)

இரண்டு வியாதியை ஒன்றாகச் சொல்கிறீர்கள். கால் மரத்துப்போவதற்கு பூஸ்டர் மருந்து. பாதி வழியில் பிடிக்காமல் போவதற்கு அது மருந்தே இல்லை.

நாலு பேர் ஏறிய அம்பாசிடர் சுமார் 1,400 கிலோ. ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு 1,100 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தின் சக்தி முழுவதும் பிரேக்கில் சூடாக மாறினால், ஐம்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அவ்வளவு சூட்டையும் சக்கரங்களோடு சுற்றும் நாலு பிரேக் டிரம் தாங்க வேண்டும். சூடேறினால் டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகும், ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கின் பிடிமானமும் குறையும். அந்த நேரத்தில் பூஸ்டர் இருந்தால் இன்னும் பலமாக அழுத்தலாம், இன்னும் சூடேறும், அவ்வளவுதான்.

இருபது கொண்டை ஊசி வளைவையும் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சின் பாதி வேலையை எடுத்துக்கொள்ளும். அப்புறம் நாலு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். லைனிங் கண்ணாடி மாதிரி மின்னினால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். டிரம்மில் நகம் தட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கடைய வேண்டும். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை விரலால் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அது போய்விட்டது. எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிட்டால் 140 வரை இறங்கும். வீல் சிலிண்டருக்குள் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் கால் வலித்தால் பூஸ்டர் பற்றிப் பேசலாம்.

காயலாங்கடையில் ஜென் காரின் பூஸ்டர் கிடைத்தது. என் 1978 அம்பாசிடரில் மாட்டலாமா? மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை சர்க்யூட், நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். (ஆத்தூர்)

மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவசரப்பட மாட்டேன். பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் தகடான டயாஃப்ரம் 8 அங்குலம் என்றால், எஞ்சினில் நல்ல வாக்குவம் இருந்தால், கணக்குப்படி 200 கிலோவுக்கு மேல் தள்ளும். டிரம் பிரேக்கோ ஏற்கெனவே சுற்றும் வேகத்தில் ஷூவைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும் ஜாதி. இரண்டும் சேர்ந்தால் லேசாகத் தொட்டதுமே சக்கரம் லாக் ஆகும். மழை பெய்த ரோட்டில் பின்சக்கரம் லாக் ஆனால் வண்டி குறுக்கே திரும்பிவிடும். கையால் மிதிக்கும் பிரேக்குக்கு என்று அமைத்த பெடலின் நெம்புகோல் நீளத்தையும் பூஸ்டருக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

மாஸ்டர் தரைக்கு அடியில் இருக்கும் வண்டி என்றால், மாஸ்டருக்கும் சக்கரத்துக்கும் நடுவே லைனில் மாட்டும் ரிமோட் பூஸ்டர்தான் வசதி. ஆனால் செலவழிக்கப் போகும் காசில் முதலில் இரட்டை சர்க்யூட் மாஸ்டர் போடுங்கள். இப்போது ஒரு டியூப் ஓட்டையானால் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது.

மன்னிக்கவும், மேலே “கையால் மிதிக்கும்” என்று எழுதிவிட்டேன். பட்டறையில் பூஸ்டர் இல்லாததை “கைப் பிரேக்” என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

பத்மினியில் பூஸ்டர் போட்டோம். ஐந்து கிலோமீட்டர் ஓடியதும் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்கிறது. ஆறவிட்டால் விட்டுவிடுகிறது. (ஓமலூர்)

பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் நடுவில் உள்ள புஷ் ராடு நீளம் அதிகம் என்று நினைக்கிறேன். பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராவிட்டால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை, ஷூவைத்தான் தள்ளும்.

பிடித்துக்கொண்ட நேரத்தில் மாஸ்டரைப் பூஸ்டரோடு சேர்க்கும் இரண்டு நட்டையும் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் குற்றவாளி ராடுதான். விடவில்லையா, அந்தச் சக்கரத்தின் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து அப்போது விட்டால், உள்ளே வீங்கி அடைத்த ரப்பர் ஹோஸைத் தேடுங்கள்.

ராடின் நுனியில் சப்பாத்தி மாவில் ஒரு சின்ன உருண்டை வைத்து, மாஸ்டரை மாட்டிக் கழற்றுங்கள். நசுங்கிய மாவு அரை மில்லிமீட்டர் கனம் இருந்தால் இடைவெளி சரி. மாவைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

டீசல் அம்பாசிடருக்கு? (சங்ககிரி)

டீசல் எஞ்சினில் பூஸ்டருக்குப் போதுமான வாக்குவம் கிடைக்காது, தனி வாக்குவம் பம்பு வேண்டும். ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து வருவதும் உண்டு. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் காற்றழுத்த கவர்னர் உள்ள சில பழைய டீசல் எஞ்சின்களில், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டிலிருந்து கவர்னருக்கு ஒரு குழாய் போகும். அதிலிருந்து கிளை எடுத்துவிடாதீர்கள். கவர்னருக்கு வாக்குவம் குறைந்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் சுற்றும்.

மேலே இருக்கும்போது பூஸ்டரின் பலம் குறைகிற மாதிரி இருக்கிறது. மனப்பிரமையா? (ஏற்காடு, காப்பித் தோட்டம்)

பிரமை இல்லை. டயாஃப்ரத்தைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். சேலத்தை விட ஏற்காட்டில் அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. உதவியும் குறைந்தது அந்த அளவுக்குக் குறையும். அதற்குமேல் பெடல் கல்லாக இருந்தால் எஞ்சினிலிருந்து பூஸ்டருக்கு வரும் வாக்குவம் ஹோஸைப் பாருங்கள்.

ஹோஸ் என்றதும் என் கதை ஒன்று. தொழில் கற்ற புதிதில், கையில் இருந்த சாதா ரப்பர் டியூப்பைப் பூஸ்டருக்கு மாட்டிவிட்டேன். சேலம் நாலு ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது அருமையாக இருந்தது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது எஞ்சின் சூட்டில் டியூப் இளகி, வாக்குவத்தில் சப்பையாக ஒட்டிக்கொண்டது. வளைவுக்கு முன்னால் பெடல் பாறையானது. இரண்டு காலையும் வைத்து மிதித்துத்தான் நிறுத்தினேன். வாக்குவத்துக்கென்று விற்கும் ஹோஸையே வாங்குங்கள், ஒன்வே வால்வு சரியான பக்கம் பார்த்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் நன்றாக இருக்கிறது.

ஓய்வு பெற்ற ஆசிரியை நான். மூட்டு வலி. மலைக்கெல்லாம் போவதில்லை, சுகவனேஸ்வரர் கோயிலும் கடைவீதியும்தான். பழைய காரை விற்க மனமில்லை. பூஸ்டர் அவசியமா அண்ணா? (அழகாபுரம்)

அவசியமில்லை அம்மா. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் என்ன என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு 7/8 அங்குலத்தை 3/4 ஆக்கினால், அதே மிதிக்கு 36 சதவீதம் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். பதிலுக்குப் பெடல் அதே அளவு கூடுதலாக உள்ளே போகும். அதனால் ஷூவை முதலில் அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு அழுத்தி மிதித்துப் பாருங்கள். பெடலுக்கும் தரைக்கும் நடுவே மூன்று விரல் இடமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய மாஸ்டரையே திரும்ப மாட்டச் சொல்லிவிடுங்கள்.