கிரகணமும் வயித்துப் புள்ளையும்: கேளுங்க, சொல்றேன்

லேபர் வார்டு நர்ஸா இருக்கேன். கிரகணம் வருதுன்னு நியூஸ்ல போட்டா போதும், ஆளாளுக்கு ஒரே கேள்விய கேப்பாங்க. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போடுங்கன்னு சொன்னேன். வரிசையெல்லாம் பாக்கல, கைக்கு வந்ததுக்கு பதில் சொல்றேன்.

சிஸ்டர், எனக்கு 7 மாசம். கிரகண நேரம்னு தெரியாம காய் நறுக்கிட்டேன். புள்ளைக்கு உதடு பிளந்துரும்னு மாமியார் ஒரே அழுகை, எனக்கும் தூக்கம் போச்சு. ஸ்கேன் எடுக்கணுமா?

முதல்ல தூங்குங்கம்மா. புள்ளையோட உதடு உருவாகி ஒட்றது 4வது வாரத்துலேர்ந்து 7வது வாரத்துக்குள்ள, அண்ணம், அதாவது வாயோட மேல்பக்கம், 6லேர்ந்து 9க்குள்ள. அதாவது நாள் தள்ளிப்போச்சேன்னு டெஸ்ட் பண்ற சமயத்துலயே உள்ள அந்த வேலை ஆரம்பிச்சிருக்கும். உங்க புள்ளைக்கு உதடு ஒட்டி மாசக்கணக்காச்சு, இப்ப நீங்க கத்திய எடுத்தாலும் கத்திரிக்கோல எடுத்தாலும் அது திரும்ப பிரியாது. 5ம் மாச ஸ்கேன்லயே உதட்ட பாத்திருப்பாங்க, இதுக்குன்னு தனியா ஒண்ணு வேணாம்.

உதட்டுப் பிளவு எதனால வருதுன்னா, பரம்பரை, சிகரெட், கர்ப்பத்துக்கு முன்னாடியே கட்டுக்குள்ள இல்லாத சுகர், வலிப்புக்கு போடற சில மாத்திரை, இப்படி பலது சேந்து. பல நேரம் காரணமே தெரியாது. அந்த இடத்துலதான் கிரகணம் வந்து உக்காந்துக்குது. பிளவோட புள்ள பொறந்ததும், அன்னைக்கு நீ என்ன பண்ணே, எத தொட்டேன்னு பெத்தவள கட்டில்லயே வச்சு விசாரிக்கறத பாத்திருக்கேன், எனக்கு இந்த நம்பிக்கை மேல கோவமே அதனாலதான். அந்த நேரம் அவளுக்கு வேண்டியது புள்ளைக்கு எப்படி பால் குடுக்கறதுன்னு சொல்லிக்குடுக்க ஒரு ஆளு, சில மாசத்துல ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னு ஒரு வார்த்தை.

இன்னொண்ணு. மெக்சிகோலயும் இதே உதட்டு பயம் இருக்கு. கிரகணத்துல நிலாவ ஏதோ கடிச்சிருச்சு, அதே கடி புள்ள வாயிலயும் விழும்னு பழைய அஸ்டெக் ஜனங்க நம்பினாங்க. இன்னைக்கும் அங்க சில கர்ப்பிணிங்க அதுக்கு காவலா துணியில ஊக்கு குத்திக்கறாங்க. நம்ம பக்கம் ஊசியே தொடக்கூடாது, அங்க ஊசிதான் காப்பாத்துது. நீங்களே யோசிச்சுக்கோங்க.

கர்ப்பத்துல வந்த சுகருக்கு இன்சுலின் போடறேன். கிரகணம் முடியற வரைக்கும் பச்சத்தண்ணி கூட கூடாதுங்கறாங்க. ஒரு நாள்தானே, இருந்துடட்டுமா?

வேணாம். இன்னைக்கு வந்ததுலயே இந்த கேள்விக்குத்தான் எனக்கு பயம். இன்சுலின் போட்டுட்டு சாப்பிடலன்னா சுகர் இறங்கி கை நடுங்கும், வேர்க்கும், கண்ண கட்டிட்டு விழுந்துடுவீங்க. சரி ஊசியும் வேணாம்னு நீங்களே விட்டா சுகர் ஏறும். ரெண்டுமே உங்களுக்கும் ஆகாது, புள்ளைக்கும் ஆகாது. வழக்கமா எந்த நேரத்துக்கு ஊசியோ அந்த நேரத்துக்கு ஊசி, எந்த நேரத்துக்கு சாப்பாடோ அந்த நேரத்துக்கு சாப்பாடு.

சுகர் இல்லாதவங்களுக்கும் சொல்றேன். சூரிய கிரகணம் ஒரு ஊர்ல ஆரம்பிச்சு முடிய ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், அதுக்கு முன்னாடியே பல மணி நேரம் சாப்பிடக்கூடாதுன்னு கணக்கு சேத்து சொல்றாங்க. முதல் மூணு மாசம் மசக்கையில இருக்கறவங்களுக்கு வெறும் வயிறு இன்னும் குமட்டும். கடைசி மாசத்துல தண்ணி குடிக்காம கிடந்தா வயிறு இறுக்கிப் பிடிக்கும், பிரசவ வலியோன்னு பதறிட்டு ஓடி வருவாங்க, தண்ணி ஏத்தினா பல பேருக்கு அடங்கிடும். பாத்ரூம் போகக்கூடாதுன்னு யூரின அடக்கறது இருக்கே, அது இன்ஃபெக்‌ஷனுக்கு நீங்களே வழி விடற மாதிரி.

கிரகணக் கதிர் வயித்துக்குள்ள போகும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

அப்படி தனியா ஒரு கதிரே கிடையாது. சூரிய கிரகணம்னா நிலா குறுக்க வந்து சூரியன மறைக்குது, அவ்வளவுதான். வெயில்ல குடை பிடிச்சா குடையிலேர்ந்து புதுசா கதிர் வருமா? அந்த நேரம் உங்க மேல படற வெளிச்சம் மத்த நாள விட கம்மி. சந்திர கிரகணத்துல பூமியோட நிழல் நிலா மேல விழுது, சாயங்கால சூரியன் எதனால சிவப்பா தெரியுதோ அதே காத்து மண்டலத்தால நிலாவும் சிவக்குது.

அப்ப வெளிய வந்து பாக்கலாமா?

சந்திர கிரகணத்த வெறும் கண்ணால எவ்வளவு நேரம் வேணாலும் பாருங்க. சூரிய கிரகணத்த வெறும் கண்ணால பாக்கவே கூடாது, இது கர்ப்பிணிக்கு மட்டும் இல்ல, உங்க வீட்டுக்காரருக்கும்தான். விழித்திரையில வலி தெரியற நரம்பு இல்ல, அதனால சுட்டாலும் தெரியாது, சில மணி நேரம் கழிச்சுதான் பாக்கற இடத்து நடுவுல ஒரு கரும்புள்ளி நிக்கும். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடிச்ச கண்ணாடி எதுவும் உதவாது. ஐஎஸ்ஓ 12312-2ன்னு பாதுகாப்பு தர நம்பர் போட்ட கிரகணக் கண்ணாடி, கீறல் ஓட்டை இல்லாததா இருக்கணும். இல்லன்னா மரத்தடிக்கு போய் தரைய பாருங்க, இலை சந்துல விழற வெளிச்சம் ஒவ்வொண்ணும் பிறை பிறையா இருக்கும். எனக்கு கண்ணாடியில பாக்கறத விட அதுதான் பிடிக்கும்.

9 மாசம். கிரகணம் விடற வரைக்கும் மல்லாந்து அசையாம படுக்கணுமாம், புரண்டா கொடி சுத்திக்குமாம்.

கொடி சுத்தறது புள்ள உள்ள புரளறதால, நீங்க புரளறதால இல்ல. அதுவும் நிறைய புள்ளைங்க கழுத்துல ஒரு சுத்தோட நல்லாவே பொறக்குது. ஆனா 9 மாச வயித்தோட மல்லாந்து கிடந்தா கர்ப்பப்பையோட வெயிட்டு பெரிய ரத்தக்குழாய அழுத்தும், தலை சுத்தும், புள்ளைக்கு போற ரத்தமும் குறையும். ஒருக்களிச்சு படுங்க, எந்திரிச்சு நடங்க. அசையாமலே கிடந்தா கால்ல ரத்தம் உறையற ஆபத்தும் இருக்கு, கர்ப்பத்துல அது சாதாரணமாவே கூடுதல்.

உடம்புல எங்க கை வச்சு சொறியறோமோ அங்க புள்ளைக்கு மச்சம் வருமா?

வராது. அது நிறத் திட்டு, இல்லன்னா ரத்தக்குழாய் சமாச்சாரம். முதுகுல இடுப்புல நீலமா இருக்கறது ஆசிய புள்ளைங்களுக்கு சகஜம், பெரும்பாலும் சில வருஷத்துல மங்கிடும்.

நாங்க வெளிநாட்ல இருக்கோம், இந்த கிரகணம் எங்க ஊர்ல தெரியாது. அப்பவும் என் மனைவி ஜாக்கிரதையா இருக்கணுமா தம்பி?

தம்பி இல்லங்க, சிஸ்டர். தனியா எந்த ஜாக்கிரதையும் வேணாம். கிரகண சீசன்னு ஒண்ணு, அதாவது கிரகணம் நடக்கக்கூடிய சில வாரம், சுமாரா 173 நாளுக்கு ஒருக்கா வரும், ஒவ்வொரு சீசன்லயும் ஒரு சூரிய கிரகணமாவது உலகத்துல எங்கயாவது உண்டு. கர்ப்பம் 280 நாள். கூட்டிக் கழிச்சு பாத்தா, மாசம் நிறைஞ்சு பொறந்த குழந்தைங்கள்ல, உள்ள இருக்கும்போது ஒரு கிரகணத்தையாவது தாண்டாம பொறந்தது ஒண்ணு கூட இருக்க முடியாது, நீங்களும் நானும் சேத்து.

சிசேரியன் தேதி கிரகணத்தன்னைக்கு விழுது. தள்ளிப்போட கேக்கலாமா?

அவசரமில்லாத கேஸ்னா டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க, அவங்க சரின்னா ஒரு நாள் மாத்தறதுல தப்பில்ல. ஆனா தண்ணிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, புள்ள அசைவு குறைஞ்சாலோ, தலைவலியோட கண்ணு மங்கினாலோ கிரகணம் விடட்டும்னு உக்காராதீங்க, அந்த நிமிஷமே கிளம்புங்க.

பெரியவங்க மனசு நோகாம எப்படி சமாளிக்கறது?

எல்லாத்துக்கும் சண்டை போடணும்னு இல்ல. வீட்டுக்குள்ள இருன்னா இருங்க, ஸ்லோகம் சொல்லுன்னா சொல்லுங்க, கத்திய தொடாதேன்னா அன்னைக்கு சமையல அவங்களே பாத்துக்கட்டும், லாபம்தான். சோறு, தண்ணி, மாத்திரை, பாத்ரூம், ஆஸ்பத்திரி, இந்த அஞ்சுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. நீங்க சொன்னா எடுபடலன்னா அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிட்டு போங்க, டாக்டர் வாயால கேட்டா பாதி பேர் இறங்கி வந்துடுவாங்க.

முடிஞ்சதும் தலைக்கு குளிக்கணுமாம், குளிக்கலாமா?

தாராளமா. நடுராத்திரின்னா வெந்நீரா வச்சுக்கோங்க, ரொம்ப சூடா வேணாம், பாத்ரூம் தரை வழுக்கும், கூட ஒரு ஆள் நிக்கட்டும்.