நுரையீரல் நோய் பித்தக்குழாயை எப்படிக் கெடுத்தது?

கேள்வி: என் அண்ணனுக்கு 52 வயது, குடிப்பழக்கம் கிடையாது. நிமோனியா முற்றி மூன்று வாரம் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்து வந்தார். இப்போது கண் மஞ்சளாக இருக்கிறது, ராத்திரியானால் உள்ளங்கை அரிப்பில் தூக்கமே இல்லை. பித்தக்குழாய்கள் சுருங்கிவிட்டன என்கிறார்கள். நுரையீரலுக்கு வந்த நோய் இங்கே எப்படி? கீழாநெல்லி கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சிக்கல் பெரும்பாலும் ரத்த ஓட்டத்தில் ஆரம்பித்திருக்கும். கல்லீரல் செல்களுக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது, முக்கால்வாசி குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, மீதி கல்லீரல் தமனி வழியாக. ஒன்று குறைந்தாலும் மற்றது ஓரளவு தாங்கும். பித்தக்குழாய்க்கு அந்தச் சலுகை இல்லை, தமனியிலிருந்து பிரிந்து அதைச் சுற்றிப் பின்னியிருக்கும் மெல்லிய நாளங்களை நம்பித்தான் பிழைப்பு. கிருமித்தொற்றில் பிரஷர் விழுந்தால் முதலில் பட்டினி கிடப்பது அதுதான். ஐசியுவில் பிரஷரை நிமிர்த்தக் கொடுக்கும் நாரட்ரினலின் மாதிரி மருந்துகள் உயிரைக் காப்பாற்றும், ஆனால் நாளங்களை இறுக்கியும் விடும். அதற்காக டாக்டரைக் குறை சொல்ல முடியாது, வேறு வழியில்லை.

அப்புறம் பித்தம். பித்த உப்பு கிட்டத்தட்ட சோப்பு, கொழுப்பைக் கரைப்பதுதான் அதன் வேலை. குழாயின் உள்சுவர் செல்கள் பைகார்பனேட் சுரந்துதான் அதனிடமிருந்து தப்பிக்கின்றன. ரத்தம் கிடைக்காத செல்லால் அது முடியாது, சொந்தப் பித்தமே சுவரை அரிக்கும், அந்தப் புண் தழும்பாகிக் குழாய் சுருங்கும். உரிந்த செல்லும் பித்தமும் இறுகி, குழாயின் கிளைகளை அச்செடுத்த மாதிரி கட்டியாகி அடைக்கும்.

அடைத்த இடத்தில் ஈ-கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் பாக்டீரியாக்கள் குடியேறும். அவை செத்தாலும் அவற்றின் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சு சும்மா இருக்காது, வீக்கத்தைக் கிளப்பி, கல்லீரல் செல்கள் பித்தத்தை வெளியே தள்ளுவதையும் குறைத்துவிடும். குழாயில் அழுத்தம் ஏறினால் கிருமியும் நச்சும் ரத்தத்தில் கலக்கும். ஆகவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கீழாநெல்லி வேண்டாம், தழும்பேறிச் சுருங்கிய குழாயை எந்தக் கஷாயமும் விரிக்காது. ஈஆர்சிபி (வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பித்தக்குழாயைச் சரிசெய்யும் முறை) மூலம் இறுகிய பித்தக் கட்டிகளை எடுக்கலாம், பெரிய குழாய் என்றால் பலூன் வைத்து விரிக்கலாம். சின்னக் கிளைகளெல்லாம் கெட்டிருந்தால் அது போதாது, கல்லீரல் மாற்று மையம் ஒன்றில் இப்போதே காட்டிவிடுங்கள், மஞ்சள் ஏறட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அரிப்புக்குக் கொலஸ்டிரமின் பொடி கேட்டுப் பாருங்கள். அது குடலில் பித்த உப்பைப் பிடித்துக்கொள்ளும், கூடவே மற்ற மருந்துகளையும் உறிஞ்சிவிடும், அதனால் மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்னால், இல்லாவிட்டால் குறைந்தது நான்கு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.