ஆர்க்கிட் கும்பிடுபூச்சி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆர்க்கிட் கும்பிடுபூச்சி ஆர்க்கிட் பூவுக்குள் ஒளிந்திருந்து இரை பிடிக்கும் என்று படித்தேன். மலேசியா போகிறேன். காட்டில் ஆர்க்கிட் பூக்களாகப் பார்த்துத் தேடினால் கண்ணில் படுமா? படங்களில் ஆண் பூச்சியைக் காணவே முடிவதில்லையே, ஏன்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆர்க்கிட்டைத் தேடிப் போகாதீர்கள். நீங்கள் பார்த்த படங்களில் பல, வளர்ப்புப் பூச்சியை ஆர்க்கிட் மேல் உட்காரவைத்து எடுத்தவை. ஆர்க்கிட் கும்பிடுபூச்சி (அறிவியல் பெயர் ஹைமனோபஸ் கொரோனாட்டஸ்) பூவுக்குள் ஒளிவதில்லை. அதுவே பூவாக நிற்கிறது. இலை மேல் தனியாக இருந்தாலும் தேனீ அதை நோக்கி வரும். ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் ஓ'ஹான்லன் குழுவினர் மலேசியக் காட்டில் இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள்: பக்கத்தில் இருந்த நிஜப் பூவைவிடப் கும்பிடுபூச்சியிடம்தான் தேனீ போன்ற மகரந்தம் பரப்பும் பூச்சிகள் அதிகம் வந்தன. எனக்கு இந்தப் பூச்சியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். இளம் பூச்சி இன்னொன்றும் செய்கிறது: நாம் அடுக்குத் தேனீ என்கிறோமே, அந்த இனம் தங்களுக்குள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களையே தானும் வெளியிட்டு, அவற்றை வரவழைக்கிறது.

ஆகவே புதரில் கண் மட்டத்து இலைகளைப் பாருங்கள். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு உடல், நடு, பின் கால்களின் தொடையில் இதழ் போல் விரிந்த தட்டு, கூம்பிய கண்கள், தலைக்குப் பின்னால் குறுக்கே மெல்லிய பச்சைப் பட்டை, வயிறு மேல்நோக்கி வளைந்திருப்பது: இவை இளம் பூச்சியின் அடையாளங்கள். முட்டையிலிருந்து வந்த புதுக்குஞ்சைப் பார்த்தால் வேறு பூச்சி என்றே நினைப்பீர்கள். அது கருப்பும் செம்மஞ்சளுமாக இருக்கும். முதல் தோல் உரித்த பிறகுதான் வெளுக்கும். இந்தப் பூச்சி வெள்ளைக்கும் இளஞ்சிவப்புக்கும் இடையே நிறம் மாறும் என்பார்களே, அது உண்மைதான். ஆனால் பச்சோந்தி மாதிரி உடனே அல்ல, நாட்கள் ஆகும்.

ஆண் ஏன் படத்தில் இல்லை? பெண் 6, 7 செ.மீ.; ஆண் அதில் பாதிகூட இல்லை. பூவாக நின்று பெரிய தேனீயைப் பிடிப்பது பெண்ணின் வழி. அதற்குப் பெரிய உடல் வேண்டும். ஆண் குறைந்த தடவை தோல் உரித்து, மாதக்கணக்கில் முந்தியே முதிர்ந்துவிடும். வளர்ப்பவர்களுக்குத் தொல்லையே இதுதான்: ஒரே முட்டைக்கூட்டில் பிறந்த தங்கை பருவமடைவதற்குள் அண்ணன் செத்துப்போகும். ஆண் பூச்சிக்குத் தீனியைக் குறைத்து, சற்றுக் குளிர்ந்த இடத்தில் வைத்து வளர்ச்சியைத் தாமதப்படுத்துவார்கள். காட்டில் ஆணைப் பார்க்க வேண்டுமென்றால் இரவில் தங்குமிடத்து விளக்கடியில் பாருங்கள். கும்பிடுபூச்சிகளில் வெளிச்சத்துக்குப் பறந்து வருவது பெரும்பாலும் ஆண்தான்.

அன்புடன்.