கஜன் பின்: இறுக்குப் பின்னா, மிதக்கும் பின்னா?

கேள்வி: பெற்றோல் கார் எஞ்சினைக் கழற்றிவிட்டோம். பிஸ்டனைக் கொன்ரொட்டோடு (கனெக்டிங் ரொட்) இணைக்கும் கஜன் பின், கொன்ரொட்டில் இறுகியிருக்கும் வகை. இரண்டிலும் தளர்வாகச் சுழலும் மிதக்கும் பின்னுக்கு மாற்றினால் கூடக்காலம் உழைக்கும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: கம்பனி போட்ட வகையையே போடுங்கள். மாற்றுவதென்றால் கொன்ரொட்டின் சின்ன முனையை (பின் நுழையும் முனை) குடைந்து வெண்கல புஷ் (சிறு குழாய்) இறக்கி ஒயில் துளையும் போட வேண்டும். குடைய அங்கே போதிய இரும்பு இருக்குமா என்பதே சந்தேகம். இறுக்குப் பின்னுக்கான பிஸ்டனில் சேர்க்கிளிப் (பின் வெளியே நழுவாமல் தடுக்கும் கம்பி வளையம்) பள்ளம் இருக்காது. ஆகவே பிஸ்டனும் வேறு வாங்க வேண்டும். அடிக்கடி பிரித்துப் பூட்டும் பந்தய எஞ்சினுக்கு இந்தச் செலவு தகும். காலி வீதி நெரிசலில் ஊரும் காருக்கு எதற்கு?

கேள்வி: லேத் கடையில் பின்னைச் சூடாக்காமலே பிரஸ்ஸில் வைத்து ஏற்றினார்கள். இப்போது ஒரு பிஸ்டன் அசையவே மாட்டேன் என்கிறது. (தெமட்டகொடை)

பதில்: அதை அப்படியே பூட்டாதீர்கள். சின்ன முனைத் துளை பின்னைவிட ஏறத்தாழ 0.02 முதல் 0.04 மில்லிமீற்றர் சிறியது. குளிரில் தள்ளும்போது கடினமான பின் அந்தத் துளையைச் சீவிக்கொண்டு போகும். அழுத்தத்தில் பிஸ்டனின் காதும் (பின்னைத் தாங்கும் பகுதி) நெளியும். பிறகு பிடிப்புக் குறைந்த கஜன் பின், எஞ்சின் ஓடும்போது பக்கமாக நகர்ந்து சிலிண்டர் சுவரில் கோடு கீறும்.

முறை இதுதான்: சின்ன முனையை மட்டும் 250 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும். 22 மில்லிமீற்றர் துளை அப்போது 0.05 மில்லிமீற்றர் விரியும், பின் வழுக்கிக்கொண்டு போகும். துலக்கிய இரும்பு இளம் வைக்கோல் நிறமானால் அநேகமாகச் சரி. நீலமானால் சூடு மிஞ்சிவிட்டது. பின்னை முன்பே பிரிஜ்ஜில் குளிர வைத்து, மெல்லிய ஒயில் பூசி, நடுவில் நிறுத்தும் ஸ்டொப்பரும் பொருத்தி வைத்திருங்கள். உள்ளே தள்ள ஓரிரு செக்கன்தான் கிடைக்கும்; பாதியில் பிடித்தால் பிடித்ததுதான். ஆறியபின் கொன்ரொட்டைக் கிடையாகப் பிடித்தால் பிஸ்டன் தன் பாரத்தில் சாய வேண்டும்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய கொன்ரொட் வாங்கினால் சின்ன முனைத் துளையை அளந்து பாருங்கள். பலமுறை பின் கழற்றியதாக இருக்கலாம். தளர்ந்த துளையை சென்டர் பஞ்சால் குத்தி இறுக்கித் தருவார்கள், வாங்காதீர்கள்.

கேள்வி: டீசல் வானில் சேர்க்கிளிப் கழன்று சிலிண்டரைக் கீறிவிட்டது. புதிது போட்டும் மறுபடி கழன்றது. (மட்டக்குளி)

பதில்: இரண்டு தரம் கழன்றால் கிளிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. கொன்ரொட் வளைந்திருக்கிறதா என்று அலைன்மென்ட் ஜிக்கில் வைத்துப் பாருங்கள். வளைந்த கொன்ரொட் ஒவ்வொரு சுற்றிலும் பின்னை ஒரே பக்கம் தள்ளி, கிளிப்பை இடித்து இடித்து வெளியே எடுத்துவிடும். கிராங்கின் முன்பின் ஆட்டத்தையும் அளந்து பாருங்கள். ஒருமுறை கழற்றிய கிளிப்பைத் திரும்பப் போடவேண்டாம். புதியதன் வாய் பிஸ்டன் தலைப்பக்கமோ அடிப்பக்கமோ பார்க்கட்டும்; பக்கவாட்டில் வைத்தால் மேலும் கீழும் ஓடும் வேகத்தில் கிளிப் சுருங்கிக் கழலும்.

கேள்வி: சின்ன முனையில் புது புஷ் போட்ட சில நாளில் கஜன் பின் ஒட்டிக்கொண்டது. (வெள்ளவத்தை)

பதில்: புஷ்ஷை அழுத்தும்போது அதன் ஒயில் துளை கொன்ரொட்டின் துளைக்கு நேராக வரவில்லை என்பதே முதல் சந்தேகம். கம்பி விட்டுப் பாருங்கள். துளை சரியென்றால் புஷ்ஷைச் சரியான அளவுக்கு ஹோன் செய்யாமல் (தேய்த்து எடுக்காமல்) விட்டிருப்பார்கள். ஒயில் பூசிய கஜன் பின், பெருவிரல் அழுத்தத்தில் போக வேண்டும், தானாக விழக்கூடாது. பிஸ்டன் காது இறுக்கமாக இருந்தால் பிஸ்டனைச் சுடுநீரில் போட்டெடுங்கள், சுத்தியல் வேண்டாம்.

கேள்வி: பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி முக்கியமா? (வத்தளை)

பதில்: முக்கியம். பல பிஸ்டன்களில் பின் துளை நடுக்கோட்டிலிருந்து ஒரு மில்லிமீற்றர் அளவு விலகியிருக்கும். அம்புக்குறியைப் பாராமல் திருப்பிப் பூட்டினால் காலையில் குளிர் எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்கும், சூடேற அடங்கும். சூடேறியும் ஐட்லிங்கில் இரட்டைத் தட்டாகக் கேட்டால் அது கஜன் பின்னின் சத்தம்.