புலி முகம் முன்கழுத்துக்கா, பின்கழுத்துக்கா? பட்டு ஸ்கார்ஃப் கேள்வி-பதில்

விலங்குப் படம் போட்ட பட்டு ஸ்கார்ஃப் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

90 செ.மீ. சதுர ஸ்கார்ஃப், நடுவில் பெரிய புலி முகம். கடையில் விரித்துக் காட்டியபோதே மயங்கிவிட்டேன். ஆனால் கழுத்தில் கட்டினால் புலியைக் காணோம், ஏதோ ஆரஞ்சுத் துணி சுற்றிய மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

விலங்குப் படம் வாங்குகிற முக்கால்வாசிப் பேருக்கு இது நடக்கிறது. விரித்துப் பார்த்து வாங்குகிறோம், மடித்துத்தான் கட்டுகிறோம். வழக்கமான பட்டை மடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கார்ஃபைக் குப்புற விரித்து, எதிரெதிர் முனைகள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து, மேலும் மேலும் உள்ளே மடிக்கிறோம். கடைசியில் வெளியே தெரிவது, மற்ற இரண்டு முனைகளையும் சேர்க்கிற குறுக்குக் கோட்டுப் பகுதி மட்டும்தான். அந்தக் கோட்டின் நடு இடம் பின்கழுத்தில் போய் உட்காரும். முன்னால் தொங்குவது வெறும் மூலைகள். உங்கள் புலி உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முடிச்சைப் பின்னால் போடுங்கள். நடுப்பகுதி தொண்டைக்கு வந்துவிடும். பட்டையை ஒரு கை அகலத்துக்கு விட்டால் கண்கள் இரண்டும் தெரியும். முழு முகமும் தெரிய வேண்டுமென்றால் முக்கோண மடிப்பு நல்லது, ஆனால் முனையோடு முனை சேர்த்து மடித்தால் முகம் சரிபாதியாக வெட்டுப்படும். மடிப்புக் கோட்டை நடுவிலிருந்து ஒரு சாண் பின்னால் தள்ளிப் போடுங்கள். பின் மடிப்பு சிறியதாக உள்ளே ஒளிந்துகொள்ளும், முகம் முழுசாக முன் மடிப்பில் நிற்கும். முனை மார்பில் இறங்க, மற்ற இரண்டையும் பின்கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள். முகம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். படத்தை விளிம்புக்கு நேராக வரைந்திருப்பார்கள், நாம் மூலைவாக்கில் மடிக்கிறோம், அதனால் வருகிற சாய்வு அது. எனக்கு அது பிடிக்கும்.

அடுத்த முறை வாங்கும்போது நடுவை அப்புறம் பாருங்கள், முதலில் நான்கு மூலைகளையும் பாருங்கள். மூலையில் ஒரு வால், ஒரு இறகு, பாதி முகம் என்று ஏதாவது இருக்கிறதா? இல்லை, வெறும் பார்டர் கோடுதானா? பிறகு மடித்துக் காட்டச் சொல்லுங்கள். மடித்துக் காட்டத் தயங்குகிற கடையில் நான் வாங்க மாட்டேன்.

சேகரிக்கத் தொடங்க ஆசை. எந்த பிராண்ட், எந்த டிசைன் என்று எப்படி முடிவு செய்வது?

பிராண்டை வைத்துத் தொடங்காதீர்கள். வரைந்தவரை வைத்தோ, ஒரே விலங்கை வைத்தோ தொடங்குங்கள். இல்லாவிட்டால் ஐந்தாறு வருடம் கழித்து அலமாரியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விலையுயர்ந்த துணிகள்தான் இருக்கும்.

யார் யார் என்று தெரிந்தால் தேடுவது சுலபம். எர்மெஸ் 1837இல் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகப் பாரிஸில் தொடங்கியது. அவர்களுடைய முதல் பட்டுச் சதுரம் வந்தது 1937இல். அதனால் குதிரை, கடிவாளம், வண்டி எல்லாம் அங்கே ஏராளம். பழைய ஸ்கார்ஃப் தேடுகிறவருக்குக் குதிரை கிடைப்பதுபோல் வேறு விலங்கு கிடைக்காது. பெரிய பூனை இனங்கள் வேண்டுமென்றால் எர்மெஸுக்கு வரைந்த ரொபேர் டாலே என்ற பெயரைத் தேடுங்கள். சிறுத்தையின் ஒவ்வொரு முடியையும் தனித்தனியாகத் தீட்டியது போன்ற கை. அலிஸ் ஷெர்லி என்ற பிரிட்டிஷ் ஓவியரின் ஒட்டகச்சிவிங்கிகள் இன்னொரு ரகம். கெர்மிட் ஆலிவர் கதை எல்லாவற்றிலும் விசித்திரம். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் வேகோ நகரில் தபால் நிலைய வேலை பார்த்துக்கொண்டே எர்மெஸுக்கு வரைந்தவர். அவருடைய வான்கோழியையும் டெக்சஸ் விலங்குகளையும் பார்த்தால் பாரிஸ் வாசனையே வராது.

விளையாட்டாகச் சேகரிக்க நினைத்தால், எர்மெஸுக்கே வரைந்த அன்னி ஃபேவ்ர். அவர் டிசைன்களில் எங்காவது ஒரு குரங்கை ஒளித்து வைப்பார், அதுதான் அவர் முத்திரை. குரங்கைக் கண்டுபிடிக்கும்வரை ஸ்கார்ஃபை மடிக்க மனம் வராது.

இத்தாலியப் பக்கம் போனால் ஃபெராகாமோவில் ஃபுல்வியா ஃபெராகாமோ 1970களிலிருந்து வளர்த்தெடுத்த பாணி இருக்கிறது. பூக்களையும் இலைகளையும் ஒட்டிச் சேர்த்தே காட்டு விலங்கை உருவாக்குவது. தூரத்திலிருந்து புலி, கிட்டே போனால் தோட்டம். கூச்சியின் புகழ்பெற்ற ஃப்ளோரா டிசைன் 1966இல் மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லிக்காக விட்டோரியோ அக்கோர்நெரோ வரைந்தது. எல்லோரும் அதைப் பூ டிசைன் என்றே சொல்கிறார்கள். உற்றுப் பாருங்கள், வண்ணத்துப்பூச்சியும் தும்பியும் வண்டும் அதற்குள் இருக்கின்றன. 37 நிறங்கள் போட்ட டிசைன் அது. பூச்சிகளில் ஆர்வம் உள்ளவர்கள் அலெக்ஸாண்டர் மெக்குயீன் நிறுவனமும் ஓவியர் டேமியன் ஹிர்ஸ்ட்டும் சேர்ந்து 2013இல் கொண்டுவந்த 30 ஸ்கார்ஃப்களையும் பார்க்கலாம். சிலந்தியும் வண்டும் கூடிச் சமச்சீர்க் கோலமாக நிற்கும்.

பின்னாளில் விற்றால் லாபம் வரும் என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டாம். கட்டினால் மடிப்புத் தடமும் வாசனையும் ஏறும், விலை இறங்கும். கட்டாமல் வைத்திருந்தால் எதற்கு ஸ்கார்ஃப்?

ஒரே டிசைனில் இரண்டு நிறக் கலவை வாங்குவது வீண் செலவா?

பூ டிசைன் என்றால் வீண் என்பேன். விலங்கு என்றால் இல்லை. பழுப்புச் சிறுத்தையும் நீலச் சிறுத்தையும் ஒரே வரைபடம்தான், ஆனால் முதலாவது காட்டில் இருக்கிறது, இரண்டாவது கனவில் இருக்கிறது. இரண்டுக்கு மேல் வேண்டாம்.

பழைய ஸ்கார்ஃப் ஒன்று விலைக்கு வருகிறது. துணி லேபிள் இல்லை. போலியா?

லேபிள் இல்லை என்பதால் மட்டும் போலி ஆகிவிடாது. உறுத்துகிறது என்று பலர் வெட்டி எறிந்துவிடுவார்கள். அதேபோல் லேபிள் இருப்பதால் மட்டும் அசலும் ஆகிவிடாது. லேபிள் தைப்பதுதான் போலி செய்கிறவருக்கு இருப்பதிலேயே சுலபமான வேலை.

ஓரத்தைப் பாருங்கள். நல்ல ஸ்கார்ஃபின் ஓரம் கையால் சுருட்டித் தைத்தது. உருண்டையாக, கொஞ்சம் உப்பலாக இருக்கும். தையல் இடைவெளி மிஷின் போட்டதுபோல் அச்சாக ஒத்துப்போகாது. எர்மெஸ் சதுரங்களில் அந்தச் சுருள் படம் இருக்கும் பக்கத்தை நோக்கி வரும். பின்பக்கம் சுருண்டிருந்தால் உடனே சந்தேகப்படலாம்.

அடுத்து அச்சு. ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுச் சட்டம் (ஃப்ரேம்). விலங்கின் ரோமத்துக்கு மட்டுமே ஏழெட்டு பழுப்புகள் ஓடும், அவை ஒன்றோடொன்று முட்டாமல் உட்கார வேண்டும். போலிகள் மாட்டிக்கொள்வது அங்கேதான். கண்ணோரம், மீசை முடி, நகம் மூன்றையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அசலில் கோடு கோடாகவே இருக்கும். போலியில் புள்ளி புள்ளியாகச் சிதறும், அல்லது நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். பின்பக்கத்தையும் திருப்புங்கள். நிறம் நன்றாக ஊடுருவி, முன்பக்கத்தைவிடச் சற்றே வெளிறித் தெரிய வேண்டும். வரைந்தவர் கையெழுத்தும் டிசைன் பெயரும் படத்துக்குள்ளேயே எங்காவது இருக்கும் டிசைன்கள் உண்டு. எழுத்துப் பிழை இருந்தால் பேச்சே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சமையலறைத் தராசும் உதவும். பட்டின் கனத்தை மொம்மே என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மொம்மே என்பது சதுர மீட்டருக்கு சுமார் 4.34 கிராம். 90 செ.மீ. சதுரத்தின் பரப்பு 0.81 சதுர மீட்டர். 18 மொம்மே ட்வில் (சாய்வரி நெசவுத் துணி) என்றால் அது 63 கிராம் அளவுக்கு வரும். வெறும் 35 கிராம்தான் காட்டுகிறது என்றால் அது 10 மொம்மே மெல்லிசுத் துணி. கனமான ட்வில் என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். ட்வில் நெசவில் சாய்வான மெல்லிய வரிகள் கண்ணுக்கே தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுத்தைப் புள்ளி ஸ்கார்ஃபைப் பூப்போட்ட சட்டைக்குப் போடலாமா?

போடலாம். புள்ளியின் அளவும் பூவின் அளவும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒன்று பெரிது, மற்றது பொடி. இரண்டிலும் பொதுவாக ஒரு நிறம் இருந்தால் போதும்.

பயமாக இருந்தால் கழுத்தை விட்டுவிடுங்கள், மணிக்கட்டில் கட்டுங்கள். பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோருடன் வேலை பார்த்த மிட்ஸா பிரிகார் சிறுத்தைப் புள்ளித் துணியை மணிக்கட்டில் சுற்றியே பேர் வாங்கினார். இன்றும் டியோர் விற்கும் நீள ஒல்லி ஸ்கார்ஃபுக்கு அவர் பெயர்தான். ஆனால் புள்ளி டிசைன் வேறு, முழு விலங்குப் படம் வேறு. முழு உருவம் வரைந்த ஸ்கார்ஃபுக்கு அடியில் ஒற்றை நிற உடைதான் சரி.

ஆண்கள் கட்டலாமா?

தாராளமாக. திறந்த காலருக்கு உள்ளே, பட்டை மடிப்பில், முனைகள் வெளியே தெரியாமல். ஒரு காதும் கொஞ்சம் கோடும் எட்டிப் பார்த்தால் போதும்.

வீட்டில் துவைக்கலாமா? லேபிளில் டிரை கிளீனிங் மட்டும் என்று இருக்கிறது.

விலை கூடியதும் பழையதும் டிரை கிளீனிங்குக்கே போகட்டும். ஓரத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள், சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். தட்டையாகிவிட்ட ஓரம் ஸ்கார்ஃபின் உயிரையே எடுத்துவிடும். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் நீராவியைத் தள்ளி நின்று காட்டி, ஈரம் இருக்கும்போதே விரலால் உருட்டிக்கொண்டே போங்கள். முழுசாக இல்லாவிட்டாலும் பாதி உப்பலாவது திரும்பும்.

சாதாரண ஸ்கார்ஃபை வீட்டில் துவைப்பதென்றால் முதலில் சாயம் போகிறதா என்று பாருங்கள். ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியைக் கறுப்பு, சிவப்புப் பகுதிகளில் ஒற்றி எடுங்கள். விலங்கு டிசைனில் வெளிக்கோடு பெரும்பாலும் கறுப்பு. அது கரைந்தால் வெள்ளை நாரை சாம்பல் நாரை ஆகிவிடும். கறை பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கறை படவில்லை என்றால் குளிர்ந்த நீர், கம்பளிக்கும் பட்டுக்கும் என்று விற்கும் மென்மையான சோப்புத் திரவம், ஓரிரு நிமிடம். என்சைம் கலந்த சோப்புத்தூள் கூடாது. புரதக் கறையைத் தின்பதற்காகப் போட்ட என்சைம் அது, பட்டு இழையும் புரதம்தானே. பிளீச் பக்கமே போகாதீர்கள். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் காய வைத்து, லேசான ஈரத்திலேயே பின்பக்கத்திலிருந்து குறைந்த சூட்டில் இஸ்திரி. ஓரத்துக்கு ஒரு விரல்கடை முன்பே இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிடுங்கள்.

சென்ட் போட்டுக்கொண்டு உடனே கட்டாதீர்கள். அது காய்ந்த பிறகு கட்டுங்கள்.

பெட்டியில் வைத்திருந்த கிளி ஸ்கார்ஃபில் பொடி ஓட்டைகள். பூச்சியா?

பெரும்பாலும் கார்ப்பெட் வண்டின் புழு. துணி அந்துப்பூச்சியின் புழுவும் பட்டைக் கடிக்கும். வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தில்தான் முதலில் வாய் வைக்கும், அதனால் கட்டிய ஸ்கார்ஃபை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். மற்றவற்றிலும் பூச்சி இருக்குமோ என்று சந்தேகமாக இருந்தால் பாலிதீன் பையில் காற்றை எடுத்து மூடி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகிற ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். அருங்காட்சியகங்களிலும் துணிகளுக்கு இந்த முறை உண்டு. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் வேண்டாம், அமிலமில்லாத மெல்லிய காகிதத்தைச் சுற்றி இருட்டான அலமாரியில் வையுங்கள். அவ்வப்போது மடிப்புக் கோட்டை மாற்றுங்கள். ஒரே கோட்டில் வருடக்கணக்கில் மடித்த பட்டு அந்தக் கோட்டிலேயே கிழியும். நாஃப்தலின் உருண்டை போட வேண்டாம் என்பது என் கட்சி, அந்த வாசனை பட்டை விட்டுப் போகாது.

ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டலாமா?

மாட்டலாம், கட்டினால் எடுபடாத டிசைன்களுக்கு அதுதான் சரியான இடம். பசை, டேப், ஆணி மூன்றும் கூடாது. துணி போர்த்திய அமிலமில்லாத அட்டையில் நுண்ணிய ஊசியால் தைத்து நிறுத்த வேண்டும், கண்ணாடி பட்டைத் தொடக் கூடாது, புற ஊதாக்கதிரைத் தடுக்கிற ரகமாக இருக்க வேண்டும். அப்படியும் வெளிச்சம் பட்டைத் தின்னும். அருங்காட்சியகங்கள் பட்டுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான். வரவேற்பறை ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்றால் வேண்டாம். சில மாதம் மாட்டி, இறக்கி, வேறொன்றை மாட்டுங்கள்.

விலங்குகள் பிடிக்கும் என்பதால்தான் இந்த டிசைன்களே பிடிக்கும். ஆனால் பட்டுக்காகப் புழுவைக் கொல்கிறார்களே?

ஆமாம், கொல்கிறார்கள். அதைச் சுற்றி வளைத்துப் பேச முடியாது. ஒரு கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாத ஒரே இழை இருக்கும். அந்துப்பூச்சி துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துவிடும், அதனால் அது வருமுன்பே கூட்டைச் சூடாக்கிவிடுகிறார்கள். பூச்சியை வெளியே விட்டுவிட்டு அறுந்த இழைகளைப் பஞ்சுபோல் நூற்கிற பட்டும் இருக்கிறது. தொட மென்மையாக இருக்கும், ஆனால் நூல் சீராக இல்லாததால் பளபளப்பு குறைவு. மீசை முடி அளவுக்கு நுணுக்கமான அச்சு அதில் கூர்மையாக விழாது. பெரிய, தடித்த கோட்டு டிசைன் என்றால் அழகாகவே இருக்கும்.

பழைய ஸ்கார்ஃப் மட்டும் வாங்குவது இன்னொரு வழி. நுண்பருத்தியில் அச்சடித்த ஸ்கார்ஃப்களும் உண்டு, கட்டினால் முடிச்சு நழுவாது என்பது அதில் கூடுதல் வசதி. எது உங்கள் மனதுக்கு ஒத்துவருகிறதோ அதைச் செய்யுங்கள். நான் பழையதாகத்தான் வாங்குகிறேன்.

முடிச்சு நழுவுகிறது. ப்ரூச் குத்தலாமா?

குத்தாதீர்கள், ஓட்டை நிற்கும். ஸ்கார்ஃப் ரிங் வாங்குங்கள், முனைகள் இரண்டையும் அதற்குள் விட்டு இழுத்தால் போதும். ரிங்கின் உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கிறதா என்று முதலில் விரலால் தடவிப் பாருங்கள்.